முக்கிய ஓட்டுநர்

பெரவன் பள்ளத்தாக்கில் மெய்ரிக் ப்ளைனின் வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. ப்ளைன் என்பது அவருடைய பண்ணையின் பெயர். வேல்ஸ் மலைக்குள் இந்தப் பக்கத்தில் ஆளின் பெயரோடு பண்ணையின் பெயர் ஒட்டிக்கொண்டுவிடும், குடும்பப் பெயர் என்னவென்று தபால்காரரைத்தான் கேட்க வேண்டும். ஜூன் மாதம் மலை மேலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது நாலைந்து பண்ணைகளின் ஆடுகள் கலந்துதான் வரும். காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்து யாருடையது என்று பிரிப்பார்கள். காது கிழிந்து அடையாளம் தெரியாத ஆடு ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும். அதை மெய்ரிக்கிடம் இழுத்து வருவார்கள். அவர் காதைத் தடவி, பல்லைப் பார்த்து, "இது இட்வல் அண்ணனோடது" என்றால் அது இட்வலுடையதுதான், அதற்குமேல் பேச்சில்லை. ஒருமுறை எல்லோரும் அவருடையது என்று சொன்ன ஒரு பெட்டையை, தனக்குச் சந்தேகம் என்று பக்கத்துப் பண்ணைக்கே தள்ளிவிட்டவர்.

அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் இந்தக் காரியத்தைச் செய்தார். செய்யும்போது அவருக்குத் துளி உறுத்தலும் இல்லை. அதை நினைத்தால்தான் அவருக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகிறது.

மகள் ஹெலெத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா மெரெரித்தைப் போலக் குட்டை, ஆனால் யாருக்கும் அசைந்து கொடுக்க மாட்டாள். கார் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை செப்டம்பரில் தேறினாள். தேறிய மறுநாளே வேலை கிடைத்தது. பள்ளத்தாக்கில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குக் காலையில் போய், எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ரொட்டி வாட்டிக் கொடுத்துவிட்டு வரும் வேலை. ஏழு வீடு. பஸ் என்பது செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும் ஊரில், அந்த வேலைக்கு வண்டி இல்லாமல் நடக்காது.

சின்ன கார் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ப்ளைன் பண்ணைக்குப் போகும் பாதையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பாலம் இல்லாத ஓடை ஒன்றை இறங்கிக் கடக்க வேண்டும், கடந்ததும் ஒரே ஏற்றம். குளிர்காலத்தில் சின்ன கார் பாதி ஏறி, யோசித்து, அப்படியே பின்னால் இறங்கி ஓடைக்கே வந்துவிடும். ஆகவே கொட்டகையில் கிடந்த பழைய லேண்ட் ரோவர்தான் கதி. ஹெலெத்தைவிட அதற்குப் பத்து வயது அதிகம். மழை பெய்தால் உள்ளேயும் கொஞ்சம் பெய்யும், ஆனால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் சுவரில்கூட ஏறிவிடும்.

ஒரே சிக்கல், ஹெலெத்தின் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. இருக்கையை முன்னால் தள்ளினால் பூட்டு தேய்ந்திருந்ததால் மேட்டில் ஏறும்போது சறுக்கிப் பின்னால் போனது. மெய்ரிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இருக்கை ஓடும் இரும்புத் தண்டை முன்னால் நகர்த்தி, போல்ட் போட்டு, இருக்கைக்குப் பின்னால் ஒரு ஓக் கட்டையை அளவாக அறுத்து இறுக்கினார். மகளை உட்காரவைத்து மூன்று தடவை கிளட்சை மிதிக்கச் சொன்னார்.

"எட்டுதா?"

"எட்டுதுப்பா."

"பாதியா, முழுசா?"

"முழுசா. போதும்பா, கால் வலிக்குது."

அந்தக் கட்டையில் அவருக்கு ஒரு பெருமை. கொட்டகைக்கு யார் வந்தாலும் காட்டினார்.

அப்புறம் வந்தது இன்சூரன்ஸ். சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்து அப்பாவும் மகளும் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். வயது என்ன, பத்தொன்பது. லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம், நான்கு நாள். வண்டிக்கு எத்தனை வயது, என்ன எஞ்சின், ராத்திரி எங்கே நிற்கும், வண்டியில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்குக் கட்டையைச் சேர்க்க வேண்டுமா என்று இருவரும் வாதாடிச் சிரித்தார்கள். பதில் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. ஒரு நிறுவனம் வருடத்துக்கு நாலாயிரத்து அறுநூறு பவுண்டு கேட்டது. இன்னொன்று ஐயாயிரத்துக்கு மேல். இரண்டு நிறுவனங்கள் விலையே சொல்லாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டன. ஒன்று மட்டும், வண்டிக்குள் கறுப்புப் பெட்டி வைத்து ஓட்டும் விதத்தைக் கண்காணித்தால் குறைத்துத் தருகிறோம் என்றது. பெட்டிக்கு போன் சிக்னல் வேண்டும். பெரவனில் சிக்னல் வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துச் சுவர் மேல் ஏறி நிற்க வேண்டும்.

"வண்டியே அவ்வளவு பெறாதேம்மா" என்றார் மெய்ரிக். "இதைத் திருடிட்டுப் போறவனுக்குத்தான் நாம காசு கொடுக்கணும்."

வியாழக்கிழமை நகரத்துக்குப் போனபோது, ஆட்டுச்சந்தைக்கு எதிரில் இருக்கும் ரொன்வென் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பண்ணைக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் பிடித்துத் தரும் முகவர் அவள். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பாள். அரை மணி நேரம் போனில் யார் யாரிடமோ பேசிவிட்டு ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அவ பேர்லயே. ஸ்டியரிங்குக்குப் பூட்டு போடணும், வருஷத்துக்கு ஆறாயிரம் மைலுக்கு மேல போகக்கூடாது. முதல் வருஷம் கடிக்கும்தான். ஒரு விபத்தும் இல்லாம ஓட்டினான்னா அடுத்த வருஷம் பாதியாயிடும். அந்தச் சலுகை அவ பேர்ல சேரும், அவளோடது."

"ஆயிரத்துத் தொள்ளாயிரமா?"

"பழைய நாலுசக்கர இழுவை வண்டி, பத்தொன்பது வயசு. இதுக்குக் கீழ நேர்வழியில யாரும் தர மாட்டாங்க மெய்ரிக்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, சந்தையில சொல்லுவாங்க. கேக்காதீங்க. பொய்யா எழுதினா இன்சூரன்ஸே இல்லாத மாதிரிதான். மாட்டினா ஓட்டினவ லைசென்ஸ்ல தண்டனையா ஆறு புள்ளி போடுவாங்க. புது லைசென்ஸ்காரிக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள ஆறு புள்ளி வந்தா லைசென்ஸே போயிடும். மறுபடி முதல்ல இருந்து எழுதணும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சாலையைத் தாண்டினால் சந்தை. அன்றைக்கு ஆட்டுக்கிடா ஏலம். முகம் வெளுத்து, தோள் அகன்று, தரையில் ஊன்றி நின்ற ஒரு கிடாவின் மேல் அவர் கண் விழுந்தது. கை தானாக உயர்ந்தது. இரண்டாயிரத்து நூறு பவுண்டுக்கு அதை எடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அங்கே சொல்லவில்லை.

சந்தை டீக்கடையில் நாலு பேர் கிடாவைப் பாராட்டினார்கள். பேச்சுவாக்கில் மகள், லேண்ட் ரோவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது எல்லாம் வந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டே ஒருவன் சொன்னான். "உன் பேர்ல போடுய்யா. அடியில பொண்ணு பேரைச் சேர்த்துடு, எப்பவாவது ஓட்டுவான்னு. எம் மூணு பசங்களுக்கும் அப்படித்தான். யாரு இந்த மலைக்கு ஏறி வந்து பாக்கப் போறான்?"

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் தேவாலயத்தில் மூப்பர்.

அன்று சாயங்காலம் மெய்ரிக் மறுபடி லேப்டாப்பைத் திறந்தார். 'இந்த வாகனத்தை அதிகமாக ஓட்டும் முக்கிய ஓட்டுநர் யார்?' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். ஐம்பத்திரண்டு வயது, முப்பத்தைந்து வருட லைசென்ஸ், ஒரு விபத்து கிடையாது. கூடுதல் ஓட்டுநர் என்ற இடத்தில் ஹெலெத். எப்போதாவது. விலை அறுநூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கி வந்தது.

ஹெலெத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க அதை ஓட்டவே மாட்டீங்களே."

"பேப்பருக்குத்தாம்மா."

"கேட்டா?"

"யாரு கேப்பா? எல்லாரும் பண்றதுதான்."

அடுப்பருகே நின்றிருந்த மெரெரித் கேட்டாள். "கிடாவை மட்டும் உண்மையான பேர்ல எழுதியாச்சா?" மெய்ரிக் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அக்டோபரிலிருந்து ஹெலெத் தினமும் காலை ஆறரைக்குக் கிளம்பினாள். இந்தப் பள்ளத்தாக்கில் எதிரே வரும் வண்டிக்குக் கையெல்லாம் ஆட்ட மாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். வண்டியைப் பார்த்துத் தூக்குவதில்லை, உள்ளே இருக்கும் ஆளைப் பார்த்துத் தூக்குவது. எந்த வண்டியை எத்தனை மணிக்கு யார் ஓட்டுகிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு மாதத்துக்குள் அந்த லேண்ட் ரோவர் ஹெலெத்தின் வண்டியாகிவிட்டது. ஏழு வீட்டுக் கிழவர் கிழவிகளும் அதன் சத்தத்தை வைத்துத்தான் டீக்குத் தண்ணீர் வைத்தார்கள். மறைக்க முடியாத ஒன்றை மறைத்திருக்கிறோம் என்று மெய்ரிக்குக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரி பதினாறாம் தேதி, பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. இட்வல் வீட்டு வளைவில் லேண்ட் ரோவர் வழுக்கியது. எதிரே இட்வலே தன் சின்ன சிவப்புக் காரில் செய்தித்தாள் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். ஹெலெத் மெதுவாகத்தான் வந்தாள், ஆனால் இரண்டு டன் வண்டிக்கு மெதுவாவது, வேகமாவது. சிவப்புக் காரின் முகப்பு மடங்கிப் போனது. இட்வலின் இடது மணிக்கட்டு முறிந்தது. ஹெலெத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள்தான் இட்வலைத் தன் கோட்டால் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெய்ரிக் மருத்துவமனைக்கு ஓடினார். எழுபது வயது இட்வல், கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மன்னிச்சுடுங்க."

"நீ எதுக்குய்யா மன்னிப்புக் கேக்குறே, பனியைக் கேக்கச் சொல்லு. விரல் தூக்கறதுக்கு ஒரு கை மிச்சமிருக்கு, போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பொண்ணு பதறலடா. தங்கமான பொண்ணு. இன்சூரன்ஸ் எல்லாம் சரியாத்தானே இருக்கு? கார்டிஃப்ல இருக்கிற எம் மக கேட்டுட்டே இருக்கா" என்றார்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றார் மெய்ரிக். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ரொன்வென் சொன்ன ஆறு புள்ளி முதல்முறையாக அவர் நினைவுக்கு வந்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தினார். இப்போது உண்மையைச் சொன்னால் மகளின் லைசென்ஸ் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

பத்து நாள் கழித்து நிறுவனம் ஓர் ஆளை அனுப்பியது. பார்ஜிட்டர் என்று பெயர், பர்மிங்ஹாம் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. ஓடையைக் கடக்க பயந்து காரை அக்கரையில் விட்டுவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். இடிபட்ட முகப்பைப் படம் எடுத்தான், சக்கரங்களைப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரப் போனான். உட்கார முடியவில்லை. முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தது. குனிந்து பின்னால் பார்த்தான். ஓக் கட்டை. அதன்மேல் ஹெலெத் தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட மெத்தை வேறு.

வெளியே வந்து மெய்ரிக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். மெய்ரிக் ஆறடி இரண்டங்குலம்.

"வழக்கமா நீங்கதான் ஓட்டறீங்களா சார்?"

"ஆமா."

"இதுல உக்காந்தா?"

"எனக்கு முதுகுவலி. முன்னாடி தள்ளி உக்காந்தாத்தான் சுகமா இருக்கும்."

அவன் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. "அப்படிங்களா சார்" என்று பணிவாகச் சொல்லி அதை எழுதிக்கொண்டான். மகன் வயதிருக்கும் ஒரு பையன், தனக்காக வெட்கப்பட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டதை மெய்ரிக் பார்த்தார். திரும்பினால் கொட்டகை வாசலில் ஹெலெத் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அந்தக் கட்டையை அறுத்த கை தன் கைதான் என்பதுகூட அந்த நிமிடம் அவருக்கு அசிங்கமாக இருந்தது.

வியாழக்கிழமை போனில் மகளிடமும் பேசுவார்கள் என்று கடிதம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் மெய்ரிக் அவளைத் தேடிப் போய், நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றார்.

"நாளைக்குக் கேப்பாங்க. வாரத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை ஓட்டுவேன்னு சொல்லிடு. மத்த நாள் நான் கொண்டுபோய் விடறேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"சரிப்பா."

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"சரின்னு சொன்னேன்ல."

மறுநாள் சமையலறை மேஜையில் வீட்டு லேண்ட்லைன் போனை ஸ்பீக்கரில் வைத்தார்கள். மெரெரித் வேலைக்குப் போயிருந்தாள். எதிர்முனையில் ஒரு பெண், நல்ல குரல். பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்றாள். விபத்து எப்படி நடந்தது, எத்தனை மணி, எவ்வளவு வேகம் என்று கேட்டாள். ஹெலெத் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, "இந்த வாகனத்தை அதிகமா ஓட்டறது யாரு ஹெலெத்?" என்று கேட்டாள்.

ஹெலெத் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சியும் பார்க்கவில்லை. சும்மா காத்திருந்தாள். போனுக்கு எட்டும் தூரத்தில் அவர் வாய் இருந்தது. 'நான் எழுதினது பொய்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. மெய்ரிக் டீக்கெண்டியைப் பார்த்தார். கெண்டியின் மூக்கில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, அதை இதற்குமுன் கவனித்ததே இல்லை என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெலெத்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நான்தான் ஓட்டறேன். ஞாயித்துக்கிழமை தவிர தினமும். அப்பா ஓட்டினதே இல்லை."

"பாலிசியில அப்பா பேர் முக்கிய ஓட்டுநரா இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."

போன் வைத்ததும் அவள் எழுந்து தன் கோப்பையைக் கழுவினாள். மெய்ரிக்கோ நாற்காலியிலிருந்து எழவில்லை. அவள் அவரைத் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். அவள் கோப்பையைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலைக்கு வர முடியாது என்று தகவல் சொல்ல, மேஜை மேலிருந்த போனைத் தொடாமல், கைபேசியோடு சிக்னல் தேடிக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு நடந்து போனாள்.

அப்புறம் நடந்தது எல்லாம் ரொன்வென் சொன்ன வரிசையிலேயே நடந்தது. பாலிசி ரத்தானது. இட்வலுக்குக் கொடுக்க வேண்டியதை நிறுவனம் கொடுத்துவிட்டு, அதை மெய்ரிக்கிடம் கேட்டது. கிடாவை வாங்கியதற்குக் குறைந்த விலைக்கு விற்றார், அதோடு இருபது பெட்டைகளும் போயின. எல்லாத் தப்பும் என்னுடையது, மகளுக்கு இதில் பங்கில்லை என்று நீதிமன்றத்துக்கு நாலு பக்கம் எழுதினார். அந்த எழுத்து வருவதற்கு மூன்று மாதம் முன்னால், மேஜைக்கு எதிரில், மூன்றே வார்த்தையாக வந்திருக்கலாம். சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது ஹெலெத். ஆறு புள்ளி. மே மாதம் அவள் லைசென்ஸைத் தபாலில் திருப்பி அனுப்பினாள்.

அவளுடைய மேலதிகாரி நல்ல மனுஷி. யாராவது கொண்டுவந்து விட்டால் வேலை இருக்கும் என்றாள். மறுபடி எழுத்துத் தேர்வு, மறுபடி ஓட்டும் தேர்வு, அதற்குக் காத்திருப்போர் பட்டியலோ மாதக் கணக்கு. பக்கத்தில் அப்பா உட்கார்ந்துகொண்டு அவளை ஓட்டவிடலாம் என்றால், அவள் பெயரைச் சேர்க்க எந்த நிறுவனமும் ஒப்பவில்லை. காலையில் பிக்கப் வண்டியில் மெரெரித் ஆடுகளுக்குத் தீனி கொண்டு போவாள், ஏனென்றால் மெய்ரிக் மகளோடு போக வேண்டும். மிஞ்சியது லேண்ட் ரோவர். அதற்குப் புது இன்சூரன்ஸ் வேண்டும்.

மெய்ரிக் மறுபடி ரொன்வென் முன்னால் போய் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். ஒரு பாலிசி ரத்தானவர் என்பதால் அவருக்கே இப்போது விலை இரண்டு மடங்கு. ரொன்வென் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் பேனா நின்றது.

"முக்கிய ஓட்டுநர் யாரு மெய்ரிக்?"

"நான்தான்."

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் சொன்ன எதையும் அவள் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்" என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

ஜூனில் ஆடுகளை இறக்கி வந்தார்கள். பட்டியில் காது கிழிந்த குட்டி ஒன்று மிஞ்சியது. பழக்கதோஷத்தில் யாரோ அதை மெய்ரிக்கிடம் இழுத்து வந்துவிட்டார்கள். வந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. சந்தை டீக்கடையில் அவருக்கு வழி சொன்னவனும் அங்கேதான் இருந்தான், பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான். மெய்ரிக் குட்டியின் காதைத் தொடவில்லை.

"இட்வல் அண்ணன்கிட்ட காட்டுங்க" என்றார்.

"அட, நீயே பாருடா" என்றார் இட்வல், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு. "எனக்குக் கண்ணு தெரியலை."

"வேண்டாம்ணே." வேலிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

தினமும் ஆறரைக்கு அவர் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஏழு வீடு, ஏழு வாசல். அவள் உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரமும் அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னல் திரை விலகும், ஒரு கிழவி எட்டிப் பார்ப்பாள், திரை மூடும். சிலர் மகளிடம் அவருக்கும் ஒரு டீ கொடுத்து அனுப்புவார்கள். அது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். எதிரே வருகிறவர்கள் அந்த லேண்ட் ரோவரைப் பார்த்து ஹெலெத்துக்காக விரலைத் தூக்கிவிட்டு, ஓட்டுகிறவர் யார் என்று தெரிந்ததும் ஒரு கணம் தடுமாறுவார்கள். தூக்கிய விரலை இறக்க மனசு வராது. அவரும் தூக்குவார்.

ஓக் கட்டையை மட்டும் அவர் எடுக்கவில்லை. எடுத்தால் பத்து நிமிட வேலை. முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, முதுகை வளைத்துக்கொண்டு, கியர் மாற்றும்போதெல்லாம் காலை ஒருபக்கமாகச் சாய்த்து ஓட்டுகிறார். பார்ஜிட்டரிடம் சொன்ன முதுகுவலி அக்டோபரில் நிஜமாகவே வந்துவிட்டது.

நவம்பரில் ஒருநாள் காலை, இட்வல் வீட்டு வளைவை நெருங்கும்போது ஹெலெத் சொன்னாள். "கட்டையை எடுத்துடுங்கப்பா. முட்டி போயிடும்."

"இருக்கட்டும்."

"டெஸ்டுக்கு எனக்குத் தேதி கிடைக்க இன்னும் மூணு மாசம் ஆகும்."

"உனக்கு வேணுமில்ல அது. இருக்கட்டும்."

பனி விழுந்திருந்தது. அவர் நடக்கும் வேகத்துக்குக் குறைத்தார். வளைவைத் தாண்டியதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மெய்ரிக் சொன்னார்.

"அன்னிக்குப் போன்ல, பதில் சொல்லாம நீ எனக்காக நிறுத்தினே."

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்சுதும்மா."

"தெரிஞ்சுதுன்னு எனக்கும் தெரியும்பா" என்றாள் ஹெலெத். முதல் வீடு வந்துவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சமையலறையில் விளக்கு எரிந்தது, கெண்டி வைத்துவிட்டார்கள். மெய்ரிக் எஞ்சினை அணைத்துவிட்டு, முட்டியைச் சுருக்கிக்கொண்டு, அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.